வேலின் முனை எந்தப் பக்கம்?

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகிற காரவள்ளியில் நின்றபோது தோன்றியது இது. கருப்பசாமி கோயிலில் நேர்ந்து நட்ட வேலைப் பார்த்ததுமே, "ஆதிச்சநல்லூர் ஈமக்காட்டின் தொடர்ச்சி" என்று நம்மாளுங்க எழுதிவிடுகிறார்கள். அவசரம்.

அங்கே அகழ்ந்த அலெக்சாண்டர் ரீயின் குறிப்பைப் படிச்சுப் பாருங்க. வாளும் ஈட்டியும் முனை கீழ்நோக்கி, இழவுக்கு வந்தவங்க மண்ணில் குத்திவிட்டுப் போனாற்போல இருந்தன என்கிறார். கோயில் வேலோ வானம் பார்த்து நிற்கிறது. அது செத்தவரோடு விட்டுவந்தது. இது சாமிக்குத் தீர்த்த நேர்த்திக்கடன். இரும்பு ஒன்றுதான், சடங்கு வேறு.

ரீயிடமும் குறை உண்டு. 1915 பட்டியலில் பொருள்களை உலோகவாரியாகப் பிரித்துவிட்டார்; ஒரே தாழியோடு கிடந்தவற்றைச் சேர்த்துப் பார்ப்பது சிரமம். தொடர்ச்சி இருக்கலாம். ஆனா, முனை எந்தப் பக்கம்னு பார்த்துட்டுச் சொல்லுவோம்.