கையெழுத்தும் தலையெழுத்தும்

“கையெழுத்து நன்றாயிருந்தால் தலையெழுத்து நன்றாயிராது” என்றொரு பேச்சு எம்மிடையே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. எழுத்தழகன் உருப்படமாட்டான் என்னும் கேலியாகவே பெரும்பாலோர் இதனைக் கொள்வர். ஆயினும் அக்கேலிக்குள் ஓர் உண்மை பதுங்கியிருக்கிறது. கை எழுதுவது மனிதனின் உழைப்பு. தலையில் எழுதப்பட்டதாகக் கூறப்படுவது பிறப்பின் விதி. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்பதை நிலவுடைமைச் சமுதாயம் நன்கு அறிந்திருந்தது. எவன் கை எழுத்தாணியைத் தொடலாம், எவன் கை தொடலாகாது என்று அது வரம்பு கட்டியமை தற்செயலன்று.

இதை இப்பொழுது எழுத நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் வெளிவரும் நினைவுக் குறிப்புக்களில் கையெழுத்தைப் பற்றிய ஏக்கம் ஒரு வாய்பாடாகிவிட்டது. விசயதசமியன்று பச்சரிசியில் விரல் பிடித்து எழுதிய அகரம், சிலேற்று, இரட்டைக்கோட்டுக் கொப்பி, மைக்கூடு, சட்டம்பியாரின் பிரம்பு ஆகிய யாவும் தவறாது வந்துவிடுகின்றன. இவற்றை வெறுக்க வேண்டியதில்லை; மனிதனுக்குத் தன் இளமை இனிப்பது இயல்பே. ஆனால், அதனை இலக்கியமென்று எம் கையில் தரும்போது ஒன்று கேட்க எமக்கு உரிமையுண்டு: அந்த அரிசித் தட்டைச் சுற்றி நின்றோர் யாவர்? வேலிக்கு அப்பால் நின்றோர் யாவர்?

ஏட்டெழுத்தின் தொழில்நுட்பத்தைச் சற்று நோக்குவோம். மணலில் விரலால் எழுதிப் பழகிய பிள்ளைக்கு, ஆசிரியர் ஓலையில் வரைந்து கொடுத்த மூலத்தைப் பார்த்து அவ்வாறே எழுதுவது அடுத்த படி. அம்மூல ஓலைக்குச் ‘சட்டம்’ என்று பெயர். பார்த்து எழுதுவதற்கும் கீழ்ப்படிந்து நடப்பதற்கும் ஒரே சொல் அமைந்துவிட்டமை சிந்திக்கத்தக்கது. எழுதுவோன் இடக்கையில் ஓலையை ஏந்தி, அதே கையின் பெருவிரல் நகத்தில் வெட்டிய பள்ளத்தில் எழுத்தாணியைத் தாங்கி எழுதுவான். ஆணி ஓரிடத்தில் நிற்க, ஓலையே நகரும். கீறிய ஓலைக்குக் கரியும் பச்சிலைச் சாறும் தடவினால்தான் எழுத்துக் கண்ணுக்குப் புலனாகும். புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும். ஆகையால் மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு இல்லை. ரகரமும் காலும் ஒரே கோடு.

இதன் விளைவு யாது? எழுத்தை அறிந்தவன் எல்லாம் ஏட்டை வாசித்துவிட முடியாது. இலக்கணமும் யாப்பும் அறிந்தவனுக்கே அந்தக் கோடு காலா ரகரமா என்பது தெரியும். வாசிக்கும் உரிமை ஒரு சிலரின் காணியாயிற்று. நல்லூர் ஆறுமுக நாவலரும் (1822–1879) சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் (1832–1901) ஏடுகளை ஒப்புநோக்கி அச்சிட்ட பணியை நாம் போற்றுவது பழைமையைக் காத்தனர் என்பதற்காக மட்டுமன்று. புள்ளியிட்டு, நெடில் குறில் பிரித்து, சொற்பிரித்து அச்சான ஒரு பக்கம் அக்காணியின் வேலியைப் பிரித்தது. நாவலரின் சாதி பற்றிய கருத்துக்கள் நாம் ஏற்கத்தக்கவை அல்ல. எனினும், அச்சுக் கூடம் அதனை நிறுவியவரின் கருத்துக்கும் அப்பால் வேலை செய்தது.

எழுத்துக்கு ஓலை கொடுத்தது பனை. அப்பனையில் ஏறிய உழைப்பாளியின் பிள்ளைக்கோ பள்ளிக்கூடத்தில் இடமில்லை. இடம் கிடைத்த சில பாடசாலைகளிலும் ஏனையோர் வாங்கில் இருக்க, அப்பிள்ளை நிலத்தில் இருந்து முழங்காலின் மேல் சிலேற்றை வைத்து எழுதிற்று. 1920களின் இறுதியில் அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் கொடுக்கவேண்டுமென்று பணிப்பு வந்தபோது, வாலிபர் காங்கிரசார் அதனை வரவேற்றனர். சாதிமான்களோ எதிர்த்தனர், சில பாடசாலைகள் எரிக்கப்பட்டன. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடனும் கிடைத்தற்கரிய ஏடுகளுடனும் எரிக்கப்பட்டமை எம் நெஞ்சில் ஆறாத புண். அதனைச் செய்த பேரினவாதத்தை மன்னிக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால், அந்த நெருப்பைப் பற்றி நூறு கவிதை எழுதிய நாம், எம்மவர் எம்மவரின் கொட்டில் பள்ளிக்கு வைத்த நெருப்பைப் பற்றி எத்தனை வரி எழுதினோம்? இரண்டும் ஒன்றல்ல என்பதை நாம் அறிவோம். சாம்பலான சிலேற்றுக்கு நினைவுச் சின்னம் இல்லை என்பதையும் அறிவோம்.

இந்த மௌனத்தை உடைத்தவர்கள் அவ்வேலிக்கு அப்பால் நின்றவர்களே. கே. டானியலின் ‘பஞ்சமர்’ 1972இல் வெளிவந்தது. சாதியிழிவினால் பள்ளிப் படிப்பை இடையிலே விட்டு, சவரக் கத்தி பிடித்த கையினாலேயே பேனையையும் பிடித்த டொமினிக் ஜீவா 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கினார். ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்னும் அவரது சிறுகதைத் தொகுதி சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. தம் வரலாற்று நூலுக்கு அவர் இட்ட பெயரில் ‘எழுதப்படாத’, ‘வரையப்படாத’ என்னும் இரு சொற்கள் உள. கொப்பி இனித்தவர்களின் நினைவுக் குறிப்புக்கும் கொப்பி மறுக்கப்பட்டவரின் தன்வரலாற்றுக்கும் இடையிலுள்ள தூரம் அவ்விரு சொற்களில் அடங்கியிருக்கிறது. நடையழகில் முன்னவை சிறக்கலாம். வரலாறு பின்னதில் இருக்கிறது.

பிரித்தானியர் காலத்தில் கையெழுத்துக்குப் புதியதொரு சந்தை பிறந்தது. கந்தோர்களின் பேரேடுகள் யாவும் கையால் எழுதப்பட்ட காலம் அது. சாய்வாக, ஒரு சீராக ஆங்கிலம் எழுதத் தெரிந்த இளைஞனுக்குக் கொழும்பிலும் மலாயாவிலும் கிளாக்கர் உத்தியோகம் காத்திருந்தது. 1824இலேயே உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை கண்ட குடாநாடு என்று பெருமை பேசுகிறோம். எனினும், கணவரின் ஆங்கிலக் கையொப்பம் ஓவியம்போல் சுழல, காணி உறுதியில் மனைவி பெருவிரலை ஒற்றிய வீடுகளும் இங்கேதான் இருந்தன. உறுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று நொத்தாரிசு வாசித்ததே அப்பெண்ணுக்கு வேதம். 1945இல் வந்த இலவசக் கல்வி இந்நிலையை அசைத்தது. 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தின் பின் ஆங்கிலச் சாய்வெழுத்தின் விலையும் வீழ்ந்தது. அதனுடன் ஒரு வர்க்கத்தின் கனவும்.

பின்னர் வந்த யுத்த காலம் எழுத்துக்கு வேறொரு கனதியைக் கொடுத்தது. 1990இன் பின் பொருளாதாரத் தடையினால் தாளும் மண்ணெண்ணெயும் அருமையாயின. செய்தித்தாள்கள் கோடிட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்தன. பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கின் ஒளியில் பரீட்சைக்குப் படித்தனர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு மக்கள் பெயர்ந்தபோது, சுமந்து செல்லத்தக்கவை சிலவே: காணி உறுதி, பரீட்சைச் சான்றிதழ், சில கடிதங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த நீலநிறக் கடிதங்களின் எழுத்தைக் கொண்டே ஆளை அறிவோம். னை, லை என்பவற்றைத் தும்பிக்கை வைத்து எழுதியிருந்தால், எழுதியவர் பழைய அரிச்சுவடியில் பயின்றவர். தமிழகம் 1978இல் ஏற்ற திருத்த எழுத்து அவர் கைக்கு வரவில்லை. கோடு நடுங்கியிருந்தால், குளிரோ முதுமையோ என்று வீட்டார் வாதிடுவர். எழுதத் தெரியாத தாய்க்காகப் பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதிய மறுமொழிகளும் உள. அவற்றில் கையெழுத்து ஒருவருடையது, வாழ்வு வேறொருவருடையது.

இன்று பாடசாலையில் கையெழுத்தைப் பண்பின் கண்ணாடி என்று கூறும் ஆசிரிய நண்பர்கள் பலர் உளர். கோணல் எழுத்து கோணல் மனத்தின் அடையாளமாம்! மேசையில்லாத வீட்டில், பாயிற் குப்புறக் கிடந்து எழுதும் பிள்ளையின் எழுத்து வேறெப்படி இருக்கும்? எழுத்துத் திருந்தப் பயிற்சி கொடுப்பது வேறு. எழுத்தைப் பார்த்துப் பிள்ளையின் குலத்தையும் குணத்தையும் தீர்ப்பது வேறு. மறுபுறத்தில், கணினி வந்துவிட்டது, இனிக் கைப்பயிற்சி எதற்கு என்போரும் உளர். விசைப்பலகை இருக்கும் வீட்டிலிருந்து எழும் குரல் அது. இந்நாட்டின் பொதுப் பரீட்சைகளில் ஏழைப் பிள்ளை இன்றும் பேனையால் எழுதியே தேறவேண்டியிருக்கிறது.

2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணைய நூலகத் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்து வருகிறது. ஏடுகளும் அதில் இடம்பெறுகின்றன. பாராட்டத்தக்க பணி. அதற்கு வேண்டிய இன்னொரு வகைப் பொருள் எமது வீடுகளின் தகரப் பெட்டிகளில் கிடக்கிறது: கடன் சீட்டு, தவணை அறிக்கை, மலாயாக் கடிதம், கூட்டுறவுச் சங்கக் கணக்கு, ஆலயப் பிரவேசப் போராட்டத்துக்குக் கையால் எழுதி ஒட்டிய சுவரொட்டி. கறையான் அரித்தவை போக எஞ்சியவற்றை மாணவர்கள் வீடுவீடாகச் சென்று பார்த்துப் படமெடுக்கலாம். பெருவிரல் அடையாளம் மட்டும் உள்ள தாள்களையும் விட்டுவிடாது எடுக்கவேண்டும். அவற்றை வைத்திருக்கும் குடும்பங்கள் தாமாகக் கொண்டுவந்து தரமாட்டா.