இடுக்கணும் இறைநம்பிக்கையும்: சுந்தரர் பதிகங்கள் இரண்டு

துன்பம் நேர்ந்துழி இறைவன் திருவுள்ளத்தை நம்பி அமைந்திருத்தலே பத்தியின் முதிர்வு என்பது பலர்க்கும் உடன்பாடான கருத்து. இவ்வமைதிக்கு நாவுக்கரசரைச் சான்றாகக் காட்டுவர். நீற்றறையில் ஏழு நாள் அடைக்கப்பெற்றும், நஞ்சூட்டப்பெற்றும், கல்லொடு பிணித்துக் கடலில் இடப்பெற்றும் அவர் கலங்கினாரல்லர் எனச் சேக்கிழார் கூறுகிறார். சுந்தரரோ, கண்ணிழந்த காலத்து இறைவனை வெளிப்படையாகவே கடிந்து பாடினார். அக்கடிதலைத் தோழமையால் விளைந்த உரிமை எனக் கூறி அமைவது மரபு. அவ்விளக்கம் பதிகத்தின் சொற்களுக்கு முற்றும் பொருந்துமா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

பெரியபுராணத்தின்படி, சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரியேன் எனச் சூளுற்று மணந்தார். ஆரூர் வேட்கையால் அவ்வூர் எல்லையைக் கடந்த அளவில் இரு கண்ணும் இழந்தார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோலும், காஞ்சியில் இடக்கண்ணும், திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றார். வெண்பாக்கத்துப் பதிகமும், ஆரூரில் பாடிய 'மீளா அடிமை' எனத் தொடங்கும் பதிகமும் ஏழாந் திருமுறையில் உள்ளன.

வெண்பாக்கத்துப் பதிகத்தில் சுந்தரர் தம் பிழையை மறைத்திலர். பிழை செய்யினும் இறைவன் பொறுப்பான் என்னும் துணிவினாலேயே பிழைத்ததாகக் கூறுகிறார். பொறுப்பான் என நம்பியவன் பொறாதொழிந்தான். அதுவே அவர்தம் துயரின் கூர்மை. கோயிலுள் உள்ளீரோ என வினவியவர்க்கு, உள்ளோம், நீர் போம் என்னும் பொருள்பட விடை வருகிறது. இறைவன் உளன் என்பது உறுதியாயிற்று; அருள்வான் என்பது உறுதியாகவில்லை. நம்பிக்கையின் இடர்ப்பாட்டை இத்துணைச் சுருக்கமாகக் காட்டிய இடம் தேவாரத்துள் அரிது.

ஆரூர்ப் பதிகத்திலோ, தாம் குற்றம் ஒன்றும் செய்ததில்லை என்கிறார். இது முன்னதற்கு முரணன்றோ? அவ்வாறு கூறும் பாடலை நுணுகி நோக்கின் விடை கிடைக்கும். தம்மை விற்றுக்கொள்ளவும் இறைவனுக்கு உரிமை உண்டென்றும், தாம் ஒற்றிப் பொருள் அல்லர் என்றும், விரும்பியே ஆட்பட்டதாகவும் அங்கே கூறுகிறார். ஒற்றிப் பொருளை மீட்கலாம். மீளா அடிமையை மீட்டல் இயலாது. சங்கிலியார்பால் உற்ற சூள் தவறியதை வெண்பாக்கத்தில் ஒப்புக்கொண்டவர், அடிமைத்திறத்தில் தவறியதில்லை என ஆரூரில் வழக்குரைக்கிறார் எனக் கொள்ளின் முரண் நீங்கும்.

ஆகவே இப்பதிகத்தில் அவர் ஊன்றி நிற்கும் நிலம் தோழமை அன்று, அடிமையே. உடைமையைக் காத்தல் உடையானின் கடன். தம் கண்ணைக் கொண்டமையால் பழி இறைவனையே சாரும் என அவர் துணிந்து கூறுவது இக்கடன் பற்றியே. பாடல்தோறும் வாழ்த்துப்போல் வரும் இறுதித் தொடர் உள்ளே வசையாக நிற்கிறது. எனினும் பிறர் ஒருவரை வேண்டாத அடியார் பொருட்டே அவர் பேசுகிறார். வேறொரு வாயிலை நாடும் எண்ணம் அவர்க்கு இல்லை. முறையிடுதல் நம்பிக்கையின் குறைவாயின், முறையிடுதற்கு அவன் வாயிலையே நாடுதல் என்ன?

இனி, அப்பரிடத்தும் இவ்வடிமைத்திறமே உளது. அரசன் அழைப்பை மறுத்துப் பாடிய மறுமாற்றத் திருத்தாண்டகம், இறைவனுக்கு ஆளானோர் வேறெவர்க்கும் குடியல்லர் என்னும் துணிவால் எழுந்தது. அடிமை ஒருவர்க்கு மன்னனை எதிர்க்கும் விடுதலையாகவும், மற்றொருவர்க்கு இறைவனையே வினவும் உரிமையாகவும் அமைந்தது. அதிகையில் சூலைநோயால் வருந்திப் பாடிய பதிகத்தில் அப்பரும் நோயை விலக்காதது ஏன் என்றே தொடங்கி, தாம் செய்த கொடுமை இன்னதென அறியாமையை முறையிடுகிறார். ஆதலின் அப்பரை அமைதிக்கும் சுந்தரரைப் பூசலுக்கும் பங்கிட்டுக் கொடுத்தல் பொருந்தாது.

இங்கு நூல் வேறுபாடு ஒன்றையும் கருதல் வேண்டும். திலகவதியார் வேண்டுகோளுக்கு இரங்கி, அவர் தம்பியை ஆட்கொள்ளவே சூலை தரப்பெற்றது என்பது 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் உரைப்பது. வாழ்வு முடிந்தபின் நோக்குபவர்க்கு இறைவன் கருத்து விளங்கும். வலியுள் நின்று பாடுபவர்க்கு அது தோன்றாது. பதிகத்துள் உள்ளவை வலியும் அழைப்புமே. புராணத்தின் விடையை முன்னரே கையிற்கொண்டு பதிகத்தைப் படிப்போர், பாடியவர் நின்ற இருளைக் காணாது போவர்.

புராணத்தை ஒதுக்குக என்பது எம் கருத்தன்று. அதன் துணையின்றேல் ஊர்களின் நிரலும் சூளுறவின் வரலாறும் நமக்கு விளங்கா. அதனைப் பதிகத்தின்பின் வைத்துப் படித்தல் வேண்டும் என்பதே எம் வேண்டுகோள். அங்ஙனம் படிப்பின், இறைவன் கருத்தை அறிந்தமையால் இவர்கள் நம்பினாரல்லர் என்பதும், அறியாத போழ்தும் அவனை விளித்தலை ஒழிந்தாரல்லர் என்பதும் தெளிவாகும்.