காட்டுக்குள் சிக்னல்: யாருக்கு, எதுவரை?

தேசியப் பூங்காக்களில் கைப்பேசி இணைப்பு வேண்டுமா என்ற விவாதம் பெரும்பாலும் சுற்றுலாப் பயணியை முன்னிறுத்தியே நடக்கிறது. வழி தவறியவர் உதவிக்கு அழைக்க முடிய வேண்டும் என்று ஒரு தரப்பும், காட்டின் அமைதி குலையக் கூடாது என்று மறுதரப்பும் வாதிடுகின்றன. காட்டின் உள்ளும் விளிம்பிலும் ஆண்டு முழுதும் வாழ்கிறவர்கள் இவ்விரு வாதங்களிலும் இடம்பெறாமல் போவதே இவ்விவாதத்தின் பெருங்குறை. தமிழ்நாட்டில் இதைத் தெளிவாகக் காட்டும் இடம் வால்பாறை.

இந்திரா காந்தி தேசியப் பூங்காவைத் தன்னுள் கொண்ட ஆனைமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டி, ஏறத்தாழ 220 சதுர கி.மீ. பரப்பில் தேயிலை, காப்பித் தோட்டங்களாக விரிந்து கிடக்கிறது வால்பாறைப் பீடபூமி. மிஞ்சியிருக்கும் சோலைத் துண்டுகளுக்கும் ஆற்றோரங்களுக்கும் இடையே யானைகள் இத்தோட்டங்களின் வழியாகவே நடமாடியாக வேண்டும் என்பதால், கடைசிப் பேருந்தில் இறங்கி இருட்டில் குடியிருப்பை நோக்கி நடக்கும் தொழிலாளி, செடிகளுக்கிடையே நிற்கும் யானையை அருகில் சென்ற பிறகே காண நேர்கிறது. அங்கு நேர்ந்த உயிரிழப்புகளில் பெரும்பாலானவை யானை இருப்பதை அறியாமல் எதிர்ப்பட்டதால் நேர்ந்தவை என்பதை உணர்ந்த நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள், வனத்துறையோடு இணைந்து எச்சரிக்கை முறை ஒன்றைப் படிப்படியாக உருவாக்கினர்: உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியில் ஓடும் எழுத்துச் செய்தி, பின்னர் குறுஞ்செய்தி, குரல் அழைப்பு, 2011 முதல் செந்நிற விளக்கு. உயரமான இடத்தில் நிறுத்தப்பட்ட அவ்விளக்கை உள்ளூர்வாசிகளே தம் கைப்பேசி அழைப்பால் எரியவிடுகின்றனர்; தொலைவிலிருந்தே சிவப்பைக் காண்பவர், யானை பக்கத்தில் இருப்பதை அறிந்து நின்றுவிடுகிறார். யானையின் வழியை மறிக்காமல் மனிதர் தம் வழியை மாற்றிக்கொள்ள உதவிய இம்முயற்சிக்காக அவ்வாய்வாளர்களுள் ஒருவரான ஆனந்தகுமார் 2015இல் விட்லி விருது பெற்றார். கைப்பேசி இணைப்பு காட்டுயிருக்குப் பகை என்று பொதுப்படச் சொல்வோர் வால்பாறைக்கு விடை சொல்லியாக வேண்டும்.

எனினும் அவ்விளக்குகள் நிற்பது மக்கள் வாழும் தோட்டங்களில். காப்பகத்தின் உட்பகுதியில் கோபுரம் எழுப்ப அவற்றைச் சான்றாகக் காட்ட இயலாது. கோபுரம் தனியாக வருவதில்லை. அதைப் பராமரிக்கப் பாதை, மின்கம்பி, மின்சாரம் நின்றால் ஓடும் டீசல் ஜெனரேட்டர் ஆகியவை தொடர்ந்து வருகின்றன. புலி கண்ட செய்தி ஒரு ஜீப் ஓட்டுநரிடமிருந்து மற்றவர்களுக்கு நொடியில் பரவும்போது வண்டிகள் அவ்விலங்கைச் சூழ்ந்துகொள்கின்றன. இருப்பிடக் குறிப்போடு பகிரப்படும் படம் வேட்டைக்காரர்களுக்கும் வழிகாட்டக்கூடும். இவற்றோடு ஒப்பிட்டால், அடிக்கடி முன்வைக்கப்படும் கதிர்வீச்சு வாதம் வலுக் குறைந்தது; பறவைகள், தேனீக்கள் மீதான தாக்கத்தைக் கருதிச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2012இல் அறிவுரை வெளியிட்டது உண்மையே, ஆனால் அதற்கான அறிவியல் சான்றுகள் இன்னும் ஒருமுகப்படவில்லை.

வனக்காவலரின் பாதுகாப்புக்குக் கோபுரம் இன்றியமையாதது என்ற கூற்றும் ஓரளவே பொருந்தும். ரோந்துப் பாதையைப் பதிவுசெய்யப் புலிகள் காப்பகங்களில் பயன்படும் எம்-ஸ்ட்ரைப்ஸ் செயலி, செயற்கைக்கோளிலிருந்து இடத்தைக் கணிக்கும் ஜிபிஎஸ் முறையைச் சார்ந்தது. பதிவானவற்றை முகாமுக்குத் திரும்பிய பின் அனுப்பினால் போதும். உடனடிப் பேச்சுக்கு வாக்கி டாக்கி இருக்கிறது. அதைப் பழுதின்றி வைத்திருப்பதே முதல் தேவை.

தேசியப் பூங்கா ஏதும் இல்லாத புதுச்சேரியின் கரையோரத்திலிருந்தும், சிக்னல் யாருக்கு, எதுவரை என்ற கேள்விக்கு வெளிச்சம் கிடைக்கிறது. பிள்ளைச்சாவடி போன்ற மீனவர் ஊர்களுக்கு, கரையைவிட்டு விலக விலக சிக்னல் அறுந்துபோவது தொழிலின் ஒரு பகுதி. கடலில் கோபுரம் நட முடியாது என்பதாலேயே, செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கையைப் படகுக்குக் கொண்டுசேர்க்கும் ஜெமினி என்னும் கருவி 2019இல் அறிமுகமானது. அதற்கும் முன்னர், 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பும் ஊர் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியும் நல்லவாடு கிராமத்தைச் சுனாமியிலிருந்து காத்தன. உயிர் காக்கும் செய்தி உரியவரை எட்டுவது ஒன்று, எல்லா இடத்திலும் எப்போதும் இணையம் கிடைப்பது வேறு. இவ்வேறுபாட்டைக் கடற்கரை மக்கள் பட்டறிந்திருக்கின்றனர்.

ஆனைமலைக் காடுகளுக்குள் வாழும் காடர், மலசர், முதுவர் குடியிருப்புகளின் நிலை இதனினும் மாறுபட்டது. பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு 108 ஆம்புலன்ஸை அழைக்கவும், மாணவர் பாடம் பெறவும் அங்கே இணைப்பு வேண்டும். பாதுகாப்பின் பெயரால் அதை மறுப்பது அநீதி. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, பள்ளி, மருந்தகம் முதலியவற்றோடு தொலைத்தொடர்புக் கம்பிகளுக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு எக்டேருக்குக் குறைவான வன நிலத்தை, எக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், கிராம சபையின் பரிந்துரையோடு ஒதுக்க வழிசெய்கிறது. குடியிருப்பை மட்டுமே நோக்கி அமைந்த, சூரிய மின்சாரத்தில் இயங்கும் தாழ்வான கோபுரத்தை ஏற்கெனவே உள்ள சாலையோரத்தில் நிறுவ அந்த அளவு இடமே தாராளம்.