வார்த்திகனுக்கு ஜாமீன் நின்றவர் யார்?

சிலப்பதிகாரத்தில், கட்டுரை காதையில் வரும் வார்த்திகன் கதையைக் காப்பியத்தோடு ஒட்டாத கிளைக்கதை என்று கருதிக் கடந்து செல்வோர் பலர். மதுரையை எரித்த கண்ணகியிடம், பாண்டியர் குலம் நீதி வழுவாதது என்று காட்ட மதுராபதித் தெய்வம் எடுத்துரைக்கும் கதை அது. பாண்டியனுக்காக வாதாட வந்த தெய்வம், தன்னை அறியாமலே அவனுக்கு எதிராகச் சாட்சியம் சொல்லிவிடுகிறது என்பதே நம் கருத்து.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ரயிலேறி விருதுநகர் செல்வோர் சிவகாசியைக் கடந்ததும் காணும் திருத்தங்கல்லே காப்பியம் கூறும் தங்கால் என்பர். அவ்வூர் அந்தணன் வார்த்திகன். மழலை மாறாத அவன் மகன் வேதம் ஓதிய அழகில் மகிழ்ந்து, அவ்வழி வந்த பராசரன் அணிகலன்களைப் பரிசளித்தான். திடீரென வந்த செல்வத்தைப் பொறாதவர் இருந்தனர். அரசனுக்குரிய புதையலைக் கவர்ந்தவன் எனப் பழி சுமத்தி, அரச ஊழியர் முறை தவறி வார்த்திகனைச் சிறையிலிட்டனர். அவன் மனைவி கார்த்திகை மண்ணில் புரண்டு அழுதாள். கொற்றவை கோயிற் கதவு திறக்க மறுத்தது. செய்தியறிந்த மன்னன் விசாரித்தான். தன் முறை பிழைத்ததெனப் பொறுத்தருள வேண்டினான். தங்காலையும் வயலூரையும் வார்த்திகனுக்கு வழங்கி நிலத்தில் வீழ்ந்து வணங்கினான். பின்னர், சிறைக்கோட்டங்களைத் திறந்துவிடுமாறு முரசறைவித்தான்.

நெகிழ வைக்கும் கதைதான். ஆனால் மன்னனை விசாரிக்கச் செய்தது எது? ஒரு பெண்ணின் அழுகை, திறவாத ஒரு கதவு. அழுவதற்கு ஆளில்லாத கைதியின் வழக்கை எவர் விசாரித்திருப்பர்? திறந்துவிட்ட சிறைகளிலிருந்து எத்தனை வார்த்திகர்கள் வெளியேறினர்? காப்பியம் கூறவில்லை. அன்று பிறந்தது அரசனின் இரக்கம். விசாரணை முறை பிறக்கவில்லை. முறை பிறந்திருந்தால், சிலம்பு அவன் கையிலிருந்தால் கொன்று கொணர்க என்னும் ஆணை அதே பாண்டிய அரண்மனையிலிருந்து வந்திராது.

கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காகக் காழி அபூயூசுஃப் எழுதிய ‘கிதாபுல் கராஜ்’ என்னும் நூலை இங்கே ஒப்பு நோக்கலாம். வரி பற்றிய அந்நூல் கைதிகளைப் பற்றியும் விரிவாகப் பேசுகிறது. கைதிகள் பெருகக் காரணம் அவர்களுடைய வழக்குகளைக் கவனிப்பார் இல்லாமையே என்கிறார் காழி. நாள்தோறும் கைதிகளின் நிலையை ஆராயுமாறு ஆளுநர்க்கு ஆணையிடச் சொல்கிறார். அவர்கள் விலங்கோடு வீதியில் பிச்சை எடுக்கலாகாது, அவர்க்கு உணவும் கோடைக்கும் குளிருக்கும் உடையும் பொதுக் கருவூலத்திலிருந்து தரவேண்டும் என்பதும் அவர் சொல்வதே. இளங்கோவடிகள் பாடும் இரக்கம் கவிதைக்கு ஏற்றது. காழி கேட்பது பதிவேடு. சிறைக்குள் இருப்பவனுக்குப் பயன்படுவது பதிவேடு.

2022ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர், அதாவது நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேற்பட்டோர், தீர்ப்புப் பெறாத விசாரணைக் கைதிகள். நம் சமுதாயத்தார் நன்கறிந்த சான்று ஒன்றும் உண்டு. 1998இல் கைதான அப்துல் நாசர் மதனி, கோவை வழக்கில் பிணையின்றி ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்து, 2007 ஆகஸ்டில் விடுவிக்கப்பட்டார். அவ்வாண்டுகளுக்கு ஈடாக எந்தத் தங்காலை வழங்குவது?

இனி ஒரு சொல்லைக் கவனிப்போம். நாம் ரமளான் என்பதைப் பிறர் ரம்ஜான் என்பதுபோல, மதரஸாவில் நாம் ஓதும் ‘ளாமின்’ பாரசீகத்தின் வழியே நீதிமன்றம் புகுந்து ‘ஜாமீன்’ ஆயிற்று. ஹாளிர் ஆஜராகவும் ராளீ ராஜியாகவும் மாறியது இவ்வாறே. ளாமின் என்றால் பொறுப்பேற்று நிற்கும் ஆள். தமிழில் ஆள் மறைந்து விடுதலைக்கே அது பெயராயிற்று. பிறகு ஆளைக் குறிக்க ‘ஜாமீன்தார்’ என வால் ஒட்ட வேண்டியதாயிற்று. (வாக்குறுதி எனப் பொருள்படும் வஅதா, வாய்தாவாகி வழக்கைத் தள்ளிப்போடும் சொல்லானதும் ஒரு வேடிக்கையே, கைதிக்கன்று.) ஹனஃபி ஃபிக்ஹில் ஆளுக்கு நிற்கும் கஃபாலத் என ஒரு பகுதி உண்டு. உரிய நாளில் ஆளைக் கொணர்ந்து நிறுத்துவதே கஃபீலின் கடமை. இன்றோ வீட்டுவரி ரசீதும் சொத்துமதிப்புச் சான்றும்தான் ஜாமீன் நிற்கின்றன.

இதன் விளைவை 1978இல் உச்சநீதிமன்றமே கண்டித்தது. மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் மோத்திராமிடம் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்ட நடுவர், அவர் சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் உள்ளதென்று ஏற்க மறுத்தார். நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், ஆயிரம் ரூபாய்க்கு மோத்திராமின் சொந்தப் பிணையே போதும் என்றார். ராஜபாளையத்து நூற்பாலைக்கு வேலை தேடி வரும் வடநாட்டு இளைஞன் ஒருவன் சிறு வழக்கில் சிக்கினால் அவனும் மோத்திராமே. அவன் தந்தையின் நிலப் பட்டா பீகாரில் இருக்கும். வழக்கு மேலே சென்றால் மாவட்டத் தலைமை நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில்.

சட்டம் வாயில்களை அடைத்துவிடவில்லை. 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி, குற்றம் உறுதியானவரைக்கூடச் சிறைக்கு அனுப்பாமல் பிணையில் விடலாம். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டங்கள் சில சிறு குற்றங்களுக்குச் சமூக சேவையைத் தண்டனையாக்கியுள்ளன. முதன்முறை குற்றம் சாட்டப்பட்டவர், மரணமோ ஆயுளோ தண்டனையாகாத வழக்கில், உச்ச தண்டனைக் காலத்தின் மூன்றிலொரு பங்கைச் சிறையில் கழித்திருந்தால் விடுதலைக்கு வழி செய்துள்ளன. வேறு வழக்குகள் நிலுவையில் இருந்தால் அச்சலுகை இல்லை. இவற்றை நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்ல வக்கீலும், இவன் எங்கள் ஊரான், ஓடமாட்டான் என்று கூற ஆளும் வேண்டும்.

அந்த ஆளாக ஜமாஅத் நிற்கலாம். நிலமுள்ள நால்வர் முன்வந்தால், மஹல்லாவில் வாழும் எவருக்கும், வெளியூர்த் தொழிலாளிக்கும் மாற்று மதத்தார்க்கும்கூட, ஜாமீன் தட்டாது. ஊரே தீர்ப்பளிக்கட்டும் என்பாரோடு நமக்கு உடன்பாடில்லை. கட்டப்பஞ்சாயத்தில் பெண்ணும் ஏழையும் பட்டதை நாம் அறிவோம். தீர்ப்பு நீதிமன்றத்தினுடையது, பொறுப்பேற்பதே ஊருக்குரியது.

இப்பொறுப்பைத் தமிழ் ‘அடைக்கலம்’ என்று அழைத்தது. கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்குலத்து மாதரியிடம் ஒப்படைத்த பகுதி அடைக்கலக் காதை என்றே பெயர் பெற்றது. கோவலனைச் சூழ்ந்த காவலருள் சிலர் இவன் கள்வனல்லன் என ஐயுறவும் செய்தனர். எனினும், நீ எவர் மனையில் தங்கியிருக்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை, புறஞ்சேரிக்கு ஆளனுப்பவுமில்லை. வெட்டுண்ட செய்தி வந்தபின், அடைக்கலத்தைக் காக்கத் தவறினேன் என்று மாதரி நள்ளிரவில் தீயில் புகுந்ததை வஞ்சிக் காண்டத்தில் மாடலன் சொல்லித்தான் நாம் அறிகிறோம்.