கை முன்னே வந்ததா?

அமெரிக்கக் கால்பந்தில் ஓட்டத்தையும் மோதலையும் ரசிக்க லட்சம் பேர் இருக்கிறார்கள். எனக்கு ருசி வேறு இடத்தில். விழுந்தவர்கள் எழுந்து, இரண்டு அணியும் பந்து தங்களுக்கே என்று எதிரெதிர்த் திசையில் கை காட்ட, வரிச்சட்டை போட்ட நடுவர் ரீப்ளே திரையைப் பார்க்கிறாரே, அந்த இரண்டு மூன்று நிமிடத்துக்காகத்தான் நான் ஆட்டம் பார்ப்பது. அதிலும் தகராறு குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிபவர், எறிந்த பந்தைப் பற்றியது என்றால் காபி ஆறிப்போனாலும் பரவாயில்லை.

விஷயம் இவ்வளவுதான். முன்னோக்கி எறிந்த பந்து யாரிடமும் சிக்காமல் தரையில் விழுந்தால் அந்த ஒரு முயற்சி வீண். நான்காவது முயற்சியாக இல்லாதவரை பந்து அதே அணியிடம்தான் இருக்கும். எறிவதற்குள் நழுவியிருந்தால் அது ஃபம்பிள். முதலில் பாய்ந்து அமுக்குபவருக்குச் சொந்தம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், பந்து தரையில் உருளும். எதிராளி வந்து மோதிய கணத்தில் எறிபவரின் கை முன்னே வந்துகொண்டிருந்ததா, இல்லையா? ஓர் அணியின் ஒரு வருட உழைப்பு சில சமயம் இந்தக் கேள்வியில் தொங்கும்.

2002 ஜனவரி 19 இரவு, பாஸ்டன் அருகே ஃபாக்ஸ்பரோ அரங்கில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஓக்லண்ட் ரெய்டர்ஸ் 13, நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 10. மிச்சம் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. பேட்ரியாட்ஸின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி எறியக் கை ஓங்கினார், மனம் மாறினார், பந்தை உள்ளே இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அதற்குள் ரெய்டர்ஸின் சார்ல்ஸ் வுட்சன் வந்து மோதினார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருவரும் ஒரே அணியில் ஆடியவர்கள். பந்து பனியில் விழ, ரெய்டர்ஸின் கிரெக் பீக்கர்ட் அதன்மேல் விழுந்தார். களத்தில் சொன்ன தீர்ப்பு ஃபம்பிள். ரெய்டர்ஸ் கொண்டாடத் தொடங்கிவிட்டார்கள்.

தலைமை நடுவர் வால்ட் கோல்மன். நடுவர் வேலை அப்போது பகுதிநேரம்தான். ஆர்கன்சாவில் பால் வியாபாரம் செய்யும் குடும்பம் அவருடையது. திரையைப் பார்த்துவிட்டு வந்தவர், குவார்ட்டர்பேக்கின் கை முன்னே வந்துகொண்டிருந்தது, ஆகவே நிறைவேறாத பாஸ் என்று அறிவித்தார்.

பிரேடி எறியவில்லை என்பது குழந்தைக்கும் தெரிந்தது. எறியும் எண்ணத்தையே அவர் கைவிட்டிருந்தார். ஆனால் 1999இல் சேர்த்த விதி ஒன்று புத்தகத்தில் இருந்தது, டக் ரூல் என்பார்கள். எறிவதற்காகக் கையை முன்னே கொண்டுவந்தவர், பந்தைத் திரும்ப உடம்போடு அணைக்கும் முயற்சியில் நழுவவிட்டாலும் அது பாஸ்தான். முழுக்க அணைத்த பிறகு நழுவினால்தான் ஃபம்பிள். அபத்தம் என்று சிரித்தவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. ஆட்டக்காரர் மனதில் என்ன நினைத்தார் என்று நடுவர் துருவ வேண்டாம், கையின் அசைவை மட்டும் பார்த்தால் போதும் என்கிற விதி அது. அசைவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கோடு போட்டாக வேண்டும். போட்ட கோடு கொஞ்சம் தள்ளி விழுந்துவிட்டது. கோல்மன் தன் கண்ணை நம்பியிருந்தால் அன்று எல்லோரும் சமாதானமாகியிருப்பார்கள். அவர் புத்தகத்தை நம்பினார். அதற்கு ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும்.

பிறகு ஆடம் வினாட்டியேரி பனியினூடே 45 கஜத்திலிருந்து உதைத்து ஸ்கோரைச் சமன் செய்ததும், கூடுதல் நேரத்தில் 16-13 என்று முடிந்ததும், பேட்ரியாட்ஸ் தங்கள் முதல் சூப்பர் பவுலை வென்றதும் ஊரறிந்த கதை. அவ்வளவாகப் பேசப்படாதது ஒன்றுண்டு. அதே பருவத்தின் செப்டம்பரில், ஜெட்ஸுடன் ஆடியபோது, இதே விதி பேட்ரியாட்ஸுக்கு எதிராகச் சொல்லப்பட்டது. தோற்றதும் அவர்கள்தான். அதற்காக யாரும் தெருவில் இறங்கவில்லை. கோல்மனோ, 2018 பருவத்தோடு ஓய்வு பெறும்வரை ரெய்டர்ஸ் ஆட்டம் எதிலும் நடுவராக நிற்கவே இல்லை. 2013இல் விதியை நீக்கியபோது 29 அணிகள் ஆதரித்தன, பிட்ஸ்பர்க் மட்டும் எதிர்த்தது. பேட்ரியாட்ஸ் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. நாசூக்கான ஒதுங்கல்.

எல்லாத் தகராறும் ரசனைக்குரியதல்ல. 2019 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸில் டிரூ பிரீஸ் எறிந்த பந்து வந்து சேருமுன்பே டாமிலீ லூயிஸை ராம்ஸ் ஆட்டக்காரர் இடித்துத் தள்ளினார், தவறு என்று நடுவர் வீசும் கொடி விழவில்லை. செயின்ட்ஸுக்கு சூப்பர் பவுல் வாய்ப்பே போயிற்று. அநியாயம்தான், ஆனால் அதில் அசைபோட ஒன்றுமில்லை. கண் முன்னால் நடந்ததைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

டெஸ் பிரையன்ட் விவகாரம் வேறு ஜாதி. 2015 ஜனவரி 11, கிரீன் பே. டோனி ரோமோ எறிந்ததை பிரையன்ட் எம்பிப் பிடித்து, கால் பதித்து, கோட்டை நோக்கிக் கை நீட்டியபடி விழுந்தார். பந்து தரையில் பட்டுத் துள்ளியது. விழும்போது பிடித்தவர், விழுந்து முடியும்வரை பந்தை அடக்கி வைத்திருக்க வேண்டும் என்ற விதிப்படி கேட்ச் ரத்து. எல்லைக்கோட்டில் பாய்ந்து பிடித்த கேட்சைப் பத்து முறை மெதுவாக ஓட்டிப் பார்த்துச் சண்டை போட்ட கிரிக்கெட் ரசிகருக்கு இந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை. 2018இல் இந்த விதியையும் தளர்த்தினார்கள். இன்றைக்கு நடந்திருந்தால் அது கேட்ச்.

இருந்தாலும் என் தரவரிசையில் உச்சம் 1972 டிசம்பர் 23, பிட்ஸ்பர்க். இங்கேயும் பாதிக்கப்பட்டது ரெய்டர்ஸே, என்ன ராசியோ! 7-6 என்று முன்னிலை, மிச்சம் 22 விநாடி. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் டெர்ரி பிராட்ஷா எறிந்த பந்தை நோக்கி அதே அணியின் ஃபுக்வாவும் ரெய்டர்ஸின் டேட்டமும் ஒரே சமயத்தில் வந்து மோத, பந்து பின்னோக்கித் தெறித்தது. ஃபிராங்கோ ஹாரிஸ் அதைக் காலடி உயரத்தில் அள்ளிக்கொண்டு ஓடி டச் டவுன் போட்டார். அன்றைய விதிப்படி, பந்து ஃபுக்வாவை மட்டும் தொட்டிருந்தால் அடுத்து அவர் அணிக்காரரே பிடித்தது செல்லாது. டேட்டம் தொட்டிருந்தால் செல்லும். ரீப்ளே பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வழக்கம் அப்போது கிடையாது. நடுவர் ஃபிரெட் ஸ்வேரிங்கன் ஓரத்துத் தொலைபேசிக்குப் போய், மேலே அமர்ந்திருந்த நடுவர்களின் மேற்பார்வையாளரிடம் பேசிவிட்டு வந்து, இரு கைகளையும் உயர்த்தினார். 13-7.

கிடைத்த படச்சுருளை எல்லாம் எத்தனையோ பேர் சட்டம் சட்டமாக நிறுத்திப் பார்த்துவிட்டார்கள். பந்து யார் மேல் பட்டது என்று அடித்துச் சொல்லும் காட்சி ஒன்றும் இல்லை. டேட்டம் தான் தொடவே இல்லை என்றார். ஃபுக்வாவுக்குத் தெரியும், கேட்டவர்களுக்கெல்லாம் சிரித்து மழுப்பி, இத்தனை ஆண்டுகளாக ரகசியத்தை விற்காமல் வைத்திருக்கிறார். யாராவது நல்ல விலை பேசி அவர் வாயைத் திறந்துவிடப் போகிறார்களே என்பதுதான் என் கவலை.