ஸமாவின் மூன்று நிபந்தனைகளும் இன்றைய திறந்தவெளி இசையரங்குகளும்

திருவண்ணாமலையில் செங்கம் சாலையோரம் அமைந்த ரமணாசிரமப் பகுதி மயில்களுக்குப் பேர்போனது. ஆசிரமத்தில் அன்பர்கள் கூடி ஓதும் வேளையில் மயில் அகவினால் அதனை இடையூறாக எண்ணுவாரில்லை. ஆசிரமத்தின் முன்னே செல்லும் சாலை, மலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் ஒரு பகுதியுமாகும். பௌர்ணமி இரவில் அவ்வழியே மக்கள் வெள்ளம் செல்லும்போது பாதையோரம் எழும் பாட்டு, நடப்பவர்களுக்கான பாட்டு. அதை முழுதும் கேட்போம் என்ற எதிர்பார்ப்பு எவருக்கும் இல்லை. ஆகவே அங்கே தடைபடுவதற்கும் ஏதுமில்லை. வீதியுலாவில் முழங்கும் நாதசுரமும் இத்தகையதே. நம் சமுதாயத்தில் தோன்றி அக்கலையில் சிகரந்தொட்ட ஷேக் சின்ன மௌலானா சாகிபு (1924–1999) வாசித்த அக்கருவி, வீதியின் இரைச்சலை வெல்லவே படைக்கப்பட்டது போன்ற குரலுடையது.

நிற்க. கட்டணம் பெற்று, இருக்கை ஒதுக்கி, இன்ன நேரத்தில் இன்னாரின் இசை என்று அறிவித்து நடத்தப்படும் திறந்தவெளி அரங்கின் நிலை வேறு. அங்கே வாக்குறுதி இருக்கிறது; அது முறியும்போது, “எதிர்பாராத இடையூறு” என்று ஒரு சொல்லும் தயாராக இருக்கிறது. இச்சொல் பொருந்துமா என்பதே நம் வினா.

இசை கூடுமா, கூடாதா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. அதற்கு ஈண்டுத் தீர்ப்புக் கூறப் புகவில்லை. ஹிஜ்ரி 505-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் ஸமா எனும் இசைகேட்டலின் ஒழுங்குகளைக் கூறுமிடத்து, ஜுனைதுல் பக்தாதி (ரஹ்) அவர்களின் கூற்றை அடியொற்றி, மூன்றைப் பேணச் சொல்கிறார்கள்: காலம், இடம், உடனிருப்போர். தொழுகை வேளையும் பூசல் வேளையும் அதற்கு உகந்தவையல்ல. மக்கள் நடமாடும் வழித்தடம் உகந்த இடமன்று. தன்னையே பிறர் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும் என எண்ணும் செல்வச்செருக்கன் உகந்த தோழனல்லன். இவை குறைந்தால் ஸமாவைக் கைவிடுவதே மேல் என்பது இமாம் அவர்களின் முடிபு. அண்மைக்கால நிகழ்ச்சிகள் மூன்றை இவ்வளவுகோலால் அளந்து பார்ப்போம்.

முதலாவது, காலம். 30-4-2023 அன்று புனே நகரில் ஏ.ஆர்.ரகுமான் அவர்களின் நிகழ்ச்சி இரவு பத்து மணியைக் கடந்தபோது, காவல்துறை அதிகாரி மேடையேறி நிறுத்தச் செய்தார். பத்து மணிக்குமேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாதென்பது 2000-ஆம் ஆண்டு ஒலிமாசு விதி. ஆண்டில் சில நாட்களுக்கு நள்ளிரவுவரை விலக்களிக்கவும் அதே விதி மாநில அரசுக்கு இடந்தருகிறது. இருபதாண்டுகளுக்கு மேலாக உள்ள விதி, அன்றிரவு மட்டும் எதிர்பாராததாகுமா?

இரண்டாவது, இடம். அவ்வாண்டே சென்னையை அடுத்த பனையூரில் நடக்கவிருந்த அவரது ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சி, ஆகஸ்டு 12-இல் மழையால் தள்ளிவைக்கப்பட்டது. மழை மனிதன் கையிலில்லை. ஆனால் செப்டம்பர் 10-இல் அது நடந்தபோது, கிழக்குக் கடற்கரைச் சாலை வண்டிகளால் அடைபட்டது. சீட்டு வாங்கியிருந்தோர் பலர் உள்ளே நுழைய இயலாது திரும்பினர். பெண்களும் குழந்தைகளும் நெரிசலில் அல்லலுற்றனர். மேடையில் பாட்டு நிற்கவில்லை. கேட்க வந்தவன்தான் வாசலில் நின்றுவிட்டான். ரகுமான் அவர்கள் வருத்தம் தெரிவித்து, நுழைய முடியாதோர் சீட்டின் நகலை அனுப்புமாறு கேட்டுக்கொண்டது பாராட்டுக்குரியது. எனினும், நெரிசலில் தாயின் கைப்பிடி நழுவிய குழந்தையின் அச்சத்துக்கு எந்தப் பணம் ஈடாகும்?

மூன்றாவது, உடனிருப்போர். 9-2-2024 அன்று யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரன் அவர்களின் இசை நிகழ்ச்சி நடந்தது. கட்டணம் செலுத்தியோர் முன்னே அமர, இலவசமாக வந்தோர் தடுப்புக்குப் பின்னே நின்றனர். கூட்டம் தடுப்பை உடைத்து முன்னேற, நிகழ்ச்சி தடைப்பட்டது. முண்டியடித்த இளைஞர்களை மட்டுமே பழித்தல் எளிது. ஒரே வெளியில் மக்களை இரு சாதியாகப் பிரித்து நிறுத்தியவர்களுக்கு அதில் பங்கில்லையா? செல்வர்க்குத் தனிக் கவனிப்புத் தேவைப்படும் அவையில் ஸமா சிறக்காது என்ற எச்சரிக்கையின் ஆழம் இங்கே புலனாகிறது.

இம்மூன்றில் எதுவும் வானத்திலிருந்து விழுந்ததன்று. மயிலின் குரலும் மழையும் அல்லாஹ்வின் ஏற்பாடு. அவற்றிற்குப் பொறுமை போதும். கடிகாரத்தையும் வாசலையும் தடுப்பையும் பொறுத்தவரை பொறுப்பு மனிதனுடையது. சீட்டு விற்றவனிடம் இருப்பது வெறும் பணமன்று, அமானிதம். இசைவிமர்சகர்களோ ராகத்தையும் குரலையும் நிறுத்துப் பார்த்து, வாசலில் நடந்ததைக் காவல்துறைச் செய்தியாகத் தள்ளிவிடுகின்றனர். கேட்போரை எவ்வாறு வரவேற்று எவ்வாறு வழியனுப்பினர் என்பதும் நிகழ்ச்சியின் தரமே.

பிறரைக் குறைகூறி நாம் ஒதுங்கிக்கொள்ளவும் இயலாது. பாங்கொலி எழுந்தால் மேடையில் பேசுபவர் பேச்சை நிறுத்துகிறார். அதை எவரும் இடையூறென்று சொல்வதில்லை, வேளை முன்பே தெரியுமாதலால். அதே ஒழுங்கு நம் மீலாது மேடைகளிலும் கந்தூரிக் கச்சேரிகளிலும் இரவு பத்து மணிக்கும் இருக்கவேண்டாமா? அடுத்த வீட்டில் நோயாளி உறங்க முயல்கிறார். எதிர்வீட்டுப் பிள்ளை தேர்வுக்குப் படிக்கிறது. அவர்களுக்கு நம் ஒலிபெருக்கியே இடையூறு. காலமும் இடமும் உடனிருப்போரும் பேணப்படாத அவையில் நபிகளார் (ஸல்) அவர்களின் புகழைப் பாடினாலும், அப்பாட்டு அண்டை வீட்டாரின் உரிமையை மிதித்தே எழுகிறது என்பதை விழாக் குழுவினர் உணர்வார்களாக.