மஞ்சளும் சிவப்பும்: ஒரு வயரிங் தாளின் மேல் சில புகார்கள்

போன மாசம் வீட்டுக் காரில் பழைய ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டினோம். பாட்டு நன்றாகவே பாடியது. ஆனால் சாவியை எடுக்கும்போதெல்லாம் கடிகாரம் ஆரம்பத்துக்குத் திரும்பிவிடும், சேமித்து வைத்த எஃப்.எம். நிலையங்கள் காணாமல் போய்விடும். மாட்டிக்கொடுத்த கடையில் சொன்னோம். மஞ்சள் வயரை வெட்டிச் சிவப்போடு முறுக்கி டேப் சுற்றி, "இனி போகாது சார்" என்றார்கள். உண்மைதான், மெமரி போகவில்லை. நாலாம் நாள் காலையில் வண்டியே கிளம்பவில்லை.

பேட்டரி போச்சு என்று புதுசு வாங்கப் போகிற நேரத்தில்தான், ஸ்டீரியோ பெட்டியோடு வந்த வயரிங் தாளை உட்கார்ந்து படித்தேன். இந்தக் குறிப்பு அந்தத் தாளைப் பற்றிய விமர்சனம். இது ஒரு கம்பெனியின் குறை இல்லை. இந்த வகைத் தாள்கள் எல்லாமே ஏறக்குறைய ஒரே அச்சுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தாள் தெளிவாக இருக்கிறது. மஞ்சள் என்றால் எப்போதும் 12 வோல்ட், மெமரிக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் அதுதான் சோறு. சிவப்பு என்றால் சாவி போட்டால் மட்டும் வரும் 12 வோல்ட், செட்டை எழுப்புகிற வயர். கருப்பு எர்த். வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா நான்கும் நாலு ஸ்பீக்கர்களுக்கு, கருப்புக் கோடு போட்டது நெகட்டிவ். மார்க்கெட்டில் கிடைக்கும் பெரும்பாலான செட்டுகளுக்கு இது பொருந்தும்.

என் முதல் புகார், அது பாதிக் கதையைத்தான் சொல்கிறது. நிறம் செட்டின் பக்கத்து வயருக்குத்தான். வண்டியின் பக்கத்து வயர் என்ன நிறத்தில் இருக்கும் என்பது வண்டி செய்தவர் இஷ்டம். இதைச் சரிபண்ணத்தான் ஐஎஸ்ஓ 10487 என்ற பொது கப்ளர் வந்தது. அதில் பவர் பக்கம் 4-ஆம் பின் நிரந்தரம், 7-ஆம் பின் சாவி வழி. ஆனால் பழைய ஃபோக்ஸ்வேகன், அவுடி வண்டிகள் சிலவற்றில் இந்த இரண்டும் இடம் மாறியிருக்கும். கப்ளர் 'டக்'கென்று கச்சிதமாகப் பொருந்தும், மின்சாரம் தப்பான வழியில் வரும். சில செட்டுகளின் மஞ்சள், சிவப்பு வயர்களில் நடுவே கழற்றி மாட்டும் இணைப்பு வைத்திருப்பார்கள். அது இந்தக் குழப்பத்துக்காகவே. எங்கள் செட்டில் அது இல்லை.

எங்களுக்கு நடந்ததும் இதுதான். சாவி போட்டால் இரண்டிலும் 12 வோல்ட், செட் பாடும். சாவியை எடுத்தால் மஞ்சள் செத்துவிடும், மெமரி போகும். கடைக்காரர் இரண்டையும் நிரந்தர வயரில் சேர்த்ததும், சாவியை எடுத்துவிட்டோம் என்பதே செட்டுக்குத் தெரியாமல் போனது. அரை ஆம்பியர் இழுத்தாலும் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி ஆகிறது. சின்னக் காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு மூன்று நாள் ஆயுசு. பழி பேட்டரி மேல், செலவு நம் தலையில்.

இரண்டாவது புகார், தாள் 'சேர்' என்று மட்டும் சொல்கிறது, 'பார்' என்று சொல்வதில்லை. கடைசிப் பக்கத்தில் கோளாறு அட்டவணை ஒன்று இருக்கும்: "இயங்கவில்லை என்றால் ஃபியூஸைப் பார்க்கவும்." சரி, ஃபியூஸ் ஏன் போனது? அதைக் கேட்காமல் பெரிய ஃபியூஸ் போடுகிறவர்கள் உண்டு. அப்புறம் ஃபியூஸுக்குப் பதில் வயர் உருகும்.

எச்சரிக்கைகளும் அப்படித்தான். 'ஸ்பீக்கர் நெகட்டிவை பாடியோடு சேர்க்காதீர்கள்' என்று பொடி எழுத்தில் இருக்கிறது. ஏன்? இன்றைய செட்டுகளில் பொதுவாக ஸ்பீக்கரின் இரண்டு வயருமே ஆம்ப்ளிஃபையரில் இருந்து வருகின்றன. இரண்டிலும் சப்ளையில் பாதி, சுமார் 6 வோல்ட் நிற்கும். நெகட்டிவ் என்பது பெயருக்குத்தான், அது எர்த் இல்லை. பாடியில் தொட்டால் செட் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும், இல்லையென்றால் உள்ளே ஐசி கருகும். இரண்டு வரியில் காரணத்தைச் சொல்லியிருந்தால், சத்தம் வராத செட்டில் முதலில் எங்கே தேடுவது என்று படிப்பவருக்கே விளங்கியிருக்கும்.

மூன்றாவது, தாள் தன்னையே மறுக்கிறது. முகப்பில் '50 வாட் x 4'. பின்னால் '10 ஆம்பியர் ஃபியூஸ்'. எஞ்சின் ஓடும்போது 14.4 வோல்ட் என்றே வைத்தாலும் உள்ளே போவது 144 வாட். 200 வாட் தொடர்ந்து எப்படி வெளியே வரும்? கணநேர உச்சத்தை முகப்பில் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

'அப்போ மல்டிமீட்டர் வாங்கினால் போதுமா' என்று கேட்பீர்கள். பாதிதான் போதும். மீட்டர் இழுக்கும் கரண்ட் கிட்டத்தட்ட பூஜ்யம். துருப்பிடித்து ஒரே ஒரு இழையில் தொங்கும் வயரிலும் 12 வோல்ட் காட்டும். அதே வயரில் செட் பாடும், வால்யூம் ஏற்றினால் அணைந்து அணைந்து எரியும். அதனால் சத்தத்தை ஏற்றி வைத்துக்கொண்டு அளக்க வேண்டும். பேட்டரி நெகட்டிவுக்கும் செட்டின் தகர உடம்புக்கும் நடுவே 0.1, 0.2 வோல்ட் என்றால் பரவாயில்லை. 1 வோல்ட் காட்டினால் எர்த்தில் கோளாறு, பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பில் முடுக்க வேண்டும்.

அந்தத் தாளில் நான் எதிர்பார்ப்பது ஒரே ஒரு சின்னக் கட்டம். சாவி எடுத்த நிலை, ஆக்சசரி நிலை, எஞ்சின் ஓடும் நிலை என்று மூன்றிலும் வண்டியின் ஒவ்வொரு வயரிலும் எத்தனை வோல்ட் என்று எழுத வெற்று இடம். செட்டை மாட்டுவதற்கு முன்னால் நிரப்ப வேண்டியது. நாங்கள் அதை ஒரு பழைய பில்லின் பின்புறம் போட்டு நிரப்பினோம். 4-ஆம் பின்னும் 7-ஆம் பின்னும் மாறியிருப்பது பத்து நிமிஷத்தில் தெரிந்தது. முறுக்கைப் பிரித்து மஞ்சளை 7-க்கும் சிவப்பை 4-க்கும் மாற்றி, சால்டர் வைத்து ஸ்லீவ் போட்டோம். பேட்டரியை சார்ஜ் செய்தோம். அதே பழைய பேட்டரிதான் இன்னும் ஓடுகிறது.